பெர்த்தா சித்தியும் இரண்டு முட்டையும்

அந்தச் செவ்வாய்க்கிழமை யாரும் கேட்பதற்கு முன்பே வெங்காயத்தை வாணலியில் போட்டுவிட்டேன். என் கடையில் அப்படி நடந்ததே இல்லை. ஆர்டர் சொன்ன பிறகுதான் நறுக்குவேன், நறுக்கிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன், அதுவரை பசிக்கிறவன் ரொட்டியைப் பிய்த்துக் கொத்தமல்லித் துவையலில் தோய்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்பது என் கொள்கை. அன்றைக்குக் கொள்கையாவது ஒன்றாவது. எதிரே ரேஸ் மைதானத்தின் ஒலிபெருக்கி, மூன்றாவது ஓட்டத்துக்குக் குதிரைகள் கூண்டுக்குள் போவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. குதிரை ஓட்டுகிற எலாதியோ ஓய்வு பெறுவதற்கு முன் ஓடுகிற கடைசி ஓட்டம் அது. அவன் குதிரையை விட்டு இறங்கி, எடை பார்க்கும் அறையில் நின்று, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு சாலையைக் கடந்து வருவதற்கும் வெங்காயம் பழுப்பாகி இனிப்பதற்கும் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மழை விட்டிருந்தது. தல்காவானோ பக்கமிருந்து மீன்தூள் ஆலையின் நாற்றம் வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். அவன் சாப்பிடப்போகிற தட்டுக்குப் பக்கத்தில் மீன் நாற்றம் அண்டக் கூடாது.

என் கடை மைதானத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. சில மேசைகள், பிளாஸ்டிக் விரிப்புகள், குளிருக்கு ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு, அவ்வளவுதான். ரேஸ் நாளில் இங்கே இரண்டே சாப்பாடுதான் போகும். தோற்றவர்களுக்குப் பீன்ஸ். அதோடு நீள நீளமான மாவிழைகளையும் சேர்த்து வேகவைப்போம். கரண்டியில் எடுத்தால் அவை வார் போலத் தொங்கும் என்பதால் கடிவாள பீன்ஸ் என்று பேர். ஜெயித்தவர்களுக்கு லோமோ ஆ லோ போப்ரே. ஏழை வீட்டுப் பாணிக் கறி என்று அர்த்தம். எந்த ஏழை வீட்டில் உள்ளங்கை கனத்துக்கு மாட்டின் முதுகுக் கறியும், அதன்மேல் இரண்டு முட்டையும், சுற்றிலும் மலை போல உருளைக்கிழங்கும் வைத்தார்களோ எனக்குத் தெரியாது. பேர் வைத்தவன் ஒருநாளும் ஏழையாக இருந்திருக்க மாட்டான். நாங்கள் சுருக்கமாக ஏழைத்தட்டு என்போம். மைதானத்திலிருந்து வருகிறவனிடம் ஜெயித்தாயா தோற்றாயா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அது மரியாதையும் இல்லை, அதிர்ஷ்டத்துக்கும் ஆகாது. என்ன சாப்பிடுகிறாய் என்றுதான் நான் கேட்பேன், பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். தோற்றுவிட்டு வீறாப்புக்காக ஏழைத்தட்டு கேட்டவன் ஒருவன் உண்டு. அவனை இன்றைக்கும் ஊரில் யாரும் பந்தயத்துக்குக் கூப்பிடுவதில்லை.

எலாதியோ ரிகெல்மே இந்த இரண்டில் எதையும் சாப்பிட்டதில்லை. ஜாக்கி எதைச் சாப்பிடுவான்? இலைதழை, அவித்த மீன் கொஞ்சம், சீனி போடாத தேநீர் அரைக் கோப்பை. மற்ற ஜாக்கிகள் பிறவியிலேயே சிட்டுக்குருவிகள். இவன் குள்ளமாகப் பிறந்தானே தவிர, கடவுள் கைதவறி பெரிய ஆளின் எலும்பை உள்ளே வைத்துவிட்டார். ஒவ்வொரு கிலோவோடும் மல்லுக்கட்டித்தான் அவன் குதிரை ஏறினான். உடம்பில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கடற்கரையில் ஓடுவான். எடை பார்க்கிற நாளில் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்புவான். நான் ஒருநாள் காலையில் காபி கிடைக்காவிட்டால் எதிரே வருகிறவர்களை எல்லாம் கடித்துக் குதறுகிற ரகம். இவனோ பசியோடு சிரிப்பான், பசியோடு வேடிக்கை பேசுவான், பசியோடு லாயத்தில் நின்று குதிரைக்குக் காரட் ஊட்டுவான். அந்தக் காரட்டில் ஒரு கடி கடித்துவிட்டுக் கொடுத்தால் எந்தக் குதிரை புகார் சொல்லப்போகிறது? கடிக்க மாட்டான். நான் பெரிய மனுஷன் என்று சொன்னால் அவனைத்தான் சொல்வேன்.

அவனுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்ப்பது. ஜெயித்தவன் எவனாவது ஏழைத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால், தன் தேநீரைத் தூக்கிக்கொண்டு எதிர் நாற்காலிக்கு வந்துவிடுவான். "மொதல்ல முட்டைய உடைங்க. மஞ்சள் கெழங்கு மேல ஓடட்டும். கறிய அப்புறம் வெட்டலாம், அது எங்கயும் ஓடிறாது," என்பான். லாரி டிரைவர்கள் சிலர், "டேய், கண்ணு வைக்காதடா, வயித்த வலிக்கும்," என்று தட்டை மறைப்பார்கள். "கண்ணுக்கு எடை கெடையாதுண்ணே. கொஞ்சம் பாத்துக்கிறேன்," என்று கெஞ்சுவான். அவர்களும் சிரித்துக்கொண்டே கையை எடுப்பார்கள். அவன் பார்க்கப் பார்க்க அவர்களுக்கும் ருசி கூடும் போலிருந்தது, தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் கடை காலியாக இருந்த ஒரு மத்தியானம், அவன் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் எதிரே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

"நெல்தா, நான் ஏழைத்தட்டு சாப்பிடுற அன்னைக்கு இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"அப்புறம் எப்படிக் கடையப் பெருக்குறது?"

"நான் பெருக்குறேன்."

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். என் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பூங்கொத்தோடு வந்து கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தால் நான் ஒருவேளை சிரித்திருப்பேன். நாற்காலியைச் சொல்லிக் கேட்டான், சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து நான் அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவன் ஓடும்போது நான் பார்ப்பதில்லை. பழகிய புதிதில் ஒரே ஒருமுறை போனேன். அன்றைக்கென்று விழுந்தான். தூக்குப்படுக்கையில் என்னைத் தாண்டிக் கொண்டுபோனார்கள், கையில் சவுக்கு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒலிபெருக்கி போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஓட்டத்தில் அவன் ஐந்தாவதாக வந்தான். கைதட்டல் கேட்டது, மரியாதைக்குத் தட்டுகிற கைதட்டல். கொஞ்ச நேரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வழியனுப்ப யாரோ போட்ட காகித மாலை கழுத்தில் நனைந்து தொங்கியது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"என்ன சாப்பிடுற?"

"ஏழைத்தட்டு."

பக்கத்து மேசையில் கிழவர் போன்சே பீன்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை தவறாமல் பந்தயம் கட்டுவார், தவறாமல் தோற்பார்.

"அஞ்சாவதா வந்தவனுக்கு ஏழைத்தட்டா? கடைச் சட்டம் என்னாச்சு நெல்தா?"

"பாதி வயித்தோட இத்தன காலம் ஓடியிருக்கான்யா. அத யாரு ஜெயிச்சது, நீயா? வாய மூடிக்கிட்டு பீன்ஸத் தின்னு."

அன்றைக்குச் சமைத்தது போல நான் எப்போதும் சமைத்ததில்லை. கிழங்கை விரல் கனத்துக்கு வெட்டி, ஒருமுறை பொரித்து எடுத்து ஆறவிட்டு வைத்திருந்தேன். இப்போது காய்ந்த எண்ணெயில் மறுபடி போட்டதும் பொன்னிறமாகிச் சலசலத்தது. இரும்புத் தட்டில் கறியை வைத்து, ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும் வரை தொடாமல் விட்டுத் திருப்பினேன். முட்டை இரண்டையும் நிறைய எண்ணெயில் உடைத்து ஊற்றி, ஓரம் சரிகை போல முறுகும்போது நடு மட்டும் தளதளவென்று இருக்கக் கரண்டியால் அள்ளினேன். கிழங்கு, கறி, மேலே பழுப்பு வெங்காயம், அதற்கும் மேலே முட்டை. தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். எலாதியோ தட்டை ஒரு சுற்று திருப்பிப் பார்த்தான். லாயத்துக்குப் புதிதாக வந்த குதிரையையும் அவன் அப்படித்தான் சுற்றிப் பார்ப்பான். முள்கரண்டியை எடுத்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

கதவு திறந்தது. தோன் அனிபால், மூச்சு வாங்க. அவர் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார், அதிலிருந்தே நல்ல சேதி இல்லை என்று தெரிந்தது.

"எலாதியோ, சாப்பிட்டுட்டியா?"

"ஏன்?"

"பிராவ்லியோ கீழ விழுந்துட்டான். தோள்பட்டை எலும்பு போச்சு. இன்னைக்குக் கடைசி ஓட்டத்துக்கு ஆளில்ல. எடை அம்பத்திரண்டு. மிச்சம் இருக்கிறவன்ல அந்த எடையில நிக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

"அவனுக்கு வேல முடிஞ்சுபோச்சு தோன் அனிபால்," என்றேன் நான். "காலையில கேக் வெட்டி வழியனுப்புனீங்க. அந்தக் கேக்குலகூட அவன் ஒரு துண்டு தின்னல."

"லைசென்ஸ் இன்னைக்கு முழுக்க இருக்கும்மா."

எலாதியோ கேட்டான். "எந்தக் குதிரை?"

"பெர்த்தா சித்தி."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். எறியவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. தட்டின் விளிம்பில் படாமல் விரிப்பின் மேல் வைத்தான். பெர்த்தா சித்தி ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை. யாருடைய சித்தியின் பேரோ, அவளும் வயசான சித்தி போலத்தான் எல்லாரையும் முறைப்பாள். இரண்டு வருஷமாக விடியற்காலையில் பனியில் அவளை ஓட்டிப் பழக்கியவன் எலாதியோ. ஆனால் பந்தயத்தில் அவள்மேல் ஏற அவனை ஒருமுறைகூட விட்டதில்லை. அவளுடைய முதலாளி கன்செப்சியோனில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர், அவருக்கு இளம் ஜாக்கிகள்தான் வேண்டும். இளம் ஜாக்கிகள் அவளை அடிப்பார்கள், அவள் ரோஷப்பட்டு நின்றுவிடுவாள். இதுவரை ஒரு பந்தயத்தில்கூட அவள் ஜெயித்ததில்லை. "அவளுக்கு ஓடத் தெரியும் நெல்தா. கேக்குற விதமாக் கேட்டா ஓடுவா," என்று அவன் எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறான்.

"ஒரு வாய்கூட வைக்கல," என்றான். தோன் அனிபாலுக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ உக்காருன்னு சொன்னா உக்காந்துக்கிறேன் நெல்தா. சத்தியமா."

உட்காரு என்ற சொல் என் வாய்க்குள் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பான், வாக்குத் தவறுகிறவன் இல்லை. தட்டைக் காலி செய்திருப்பான், சாயங்காலம் கடையையும் பெருக்கியிருப்பான். ஆனால் கடைசி ஓட்டத்துக்கு ஒலிபெருக்கி பெர்த்தா சித்தியின் பேரைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும், அதற்கு அடுத்ததும், என் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பிராவ்லியோவின் தோள்பட்டை மேல், மருந்துக்கடைக்காரர் மேல், அந்தச் சித்தி மேல், எல்லார் மேலும் ஆத்திரம்.

"நான் சொல்லி உக்கார்றவன் எனக்கு வேண்டாம்," என்றேன். "எந்திரி. முட்டை ஆறுது, பாக்கச் சகிக்கல."

அவன் எழுந்தான். காகித மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான்.

"வந்து சாப்பிடுறேன்."

"முழுசா வந்து சேரு. அது போதும்."

அவர்கள் இரண்டு பேரும் சாலையைக் கடந்து ஓடியதை ஜன்னல் வழியே பார்த்தேன். தட்டு மேசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. போன்சே மெதுவாகக் கழுத்தை நீட்டினார்.

"இந்தத் தட்டு இப்ப..."

"தொட்டா கைய ஒடிச்சுருவேன்."

அவர் மறுபடி பீன்ஸுக்குள் போய்விட்டார். நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். குப்பையில் கொட்ட மனசு வரவில்லை, கண்ணெதிரே வைத்திருக்கவும் முடியவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னாலேயே வைத்தேன்.

"நெல்தா, நான் இன்னைக்கு மூணு ஓட்டத்துலயும் தோத்தவன்," என்றார் அவர் பயந்துபோய்.

"சட்டத்துக்கு இன்னைக்கு லீவு. தின்னு."

கிழவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். முட்டையை உடைத்தார். மஞ்சள் வெங்காயத்துக்குள் இறங்கி, கறியைச் சுற்றி வழிந்து, கிழங்குகளுக்கு நடுவே ஓடியது. ஒரு துண்டு கறியும் இரண்டு கிழங்குமாகச் சேர்த்துக் குத்தி வாயில் போட்டவர், மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார்.

"பாவம் அவன்," என்றார். "இப்படி ருசிச்சுத் தொலைக்குதே."

கடைசி ஓட்டத்துக்கு நேரம் ஆனதும் கடையில் இருந்த எல்லாரும் வேலிப் பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். ஒலிபெருக்கி தொடங்கியதும் குழாயைத் திறந்துவிட்டேன். அது போதாமல் ரேடியோவையும் முறுக்கி வைத்தேன். ஒரு கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தேன். சீவிச் சீவி அது சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. தண்ணீர்ச் சத்தத்தையும் ரேடியோவையும் மீறிக்கொண்டு ஜனங்கள் போட்ட கூச்சல் கேட்டது, பிறகு நின்றது. ஜெயித்தாலும் கூச்சல் போடுவார்கள், விழுந்தாலும் கூச்சல் போடுவார்கள், எனக்கு வித்தியாசம் தெரியாது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் யாரும் கடைக்குள் வரவில்லை, ஜன்னலைத் தாண்டிப் போனார்கள். போன்சே மட்டும் நின்று என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துவிட்டு நடந்தார். செத்தவர்களுக்கும் அப்படித்தான் தொப்பியைக் கழற்றுவோம். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவன் பின்வாசல் வழியாக, அடுப்படிக்குள் நேராக வந்தான். தலையிலிருந்து பூட்ஸ் வரை சேறு. கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கை இரண்டு, கால் இரண்டு, தலை ஒன்று என்று நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"என்ன சாப்பிடுற?" என்று கேட்டேன்.

 அவன் தரையில் சொட்டுகிற சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பீன்ஸ் என்று சொல்லியிருந்தாலும் சரி, ஏழைத்தட்டு என்று சொல்லியிருந்தாலும் சரி, ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பேன்.

"இன்னும் ரெண்டு வாரத்துல சாந்தியாகோல ஒரு பந்தயம் இருக்கு," என்றான். "மருந்துக்கடைக்காரர் கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறார். அவளுக்கு என்னைத் தவிர வேற யாரும் வேண்டாமாம்."

அப்படியானால் ஜெயித்துவிட்டான், போன்சே தொப்பியைக் கழற்றியது இதற்குத்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். நெஞ்சு குதித்தது. அந்த முறைக்கிற சித்தி எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு வந்துவிட்டாள், அதுவும் இவன் கேட்டதற்காக! அடுத்த கணம்தான் மீதி உறைத்தது.

"எடை?"

"அம்பத்தொண்ணு."

ஒன்று குறைவு. அதாவது தேநீரும் கிடையாது. நான் திரும்பி அடுப்பைப் பெரிதாக்கினேன். கறியை வைத்தேன், கிழங்கைப் போட்டேன், மிச்சம் இருந்த வெங்காயத்தைச் சூடாக்கினேன். அவன் தடுக்கவும் முடியாமல், போகவும் முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முட்டை இரண்டையும் உடைத்து ஊற்றியதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"நெல்தா, கோவிச்சுக்காத, என்னால இத..."

"ஒனக்குன்னு யாரு சொன்னா?"

ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய், ஜன்னல் பக்கத்து நாற்காலியிலிருந்த காகித மாலையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை ஏழைத்தட்டு போட்டிருப்பேன், ஒன்றைக்கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நின்றுகொண்டே வாணலியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பதுதான் என் சாப்பாடு.

"இது ஜெயிச்சவங்க சாப்பாடு," என்றேன். "இன்னைக்கு நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு எனக்கே தெரியல. அதனால தின்னு பாத்துச் சொல்றேன். உக்காரு."

அவன் எதிரே உட்கார்ந்தான். நான் கத்தியைக் கறி பக்கம் கொண்டுபோனதும், "மொதல்ல முட்டைய..." என்று ஆரம்பித்தான்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

உடைத்தேன். மஞ்சள் ஓடியது. கிழங்கு மேலே மொரமொரப்பாகவும் உள்ளே மாவாகவும் இருந்தது, மஞ்சளைக் குடித்திருந்தது. வெங்காயத்தின் இனிப்பு, கறியின் உப்பு, அதன் சாறு, எல்லாம் ஒன்றாக வாய்க்குள் வந்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. நான் நன்றாகத்தான் சமைக்கிறேன்! ஊரெல்லாம் சொல்லும்போது காசு கொடுக்கிறவன் பேச்சு என்று நினைத்திருந்தேன். இவ்வளவு நல்ல ஒன்றை ஒரு மனுஷன் இத்தனை காலம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். சேறு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்த அவன் முகத்தைப் பார்த்தேன். அவன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"சொல்லு," என்றேன்.

"எத?"

"எப்படி ஓடுனா?"

நான் அதுவரை அவனிடம் எந்த ஓட்டத்தைப் பற்றியும் கேட்டதில்லை. அவன் ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தட்டிலிருந்து கிழங்குத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரிப்பின் மேல் வரிசையாக அடுக்கினான்.

"இது சாம்பல் குதிரை. இது கறுப்பன். இந்த நீளமானவன்மேலதான் ஊரே பணம் கட்டியிருந்துது. இதுங்க ரெண்டும் சும்மா கூட்டத்துக்கு." கடைசியாக ஒரு கோணல் துண்டைத் தேடி எடுத்து எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தான். "இது அவ."

"இவ்வளவு பின்னாலயா?"

"அவசரப்படுத்துனா கோவம் வரும் அவளுக்கு. காதுகிட்ட குனிஞ்சு, 'சித்தி, நேரம் இருக்கு, மெதுவாப் போலாம்'னேன். திருப்பத்துல உள்பக்கம் சேறு அதிகம், எவனும் அங்க போகல. நான் அங்க விட்டேன்." கோணல் துண்டை நகர்த்தினான். "இந்த ரெண்டும் பின்னால போச்சு."

பின்னால் போன இரண்டையும் எடுத்து வாயில் போட்டேன்.

"ஏய், அதுங்களத் தின்னுட்டியே!"

"நீதான் தாண்டிட்டல்ல? அப்புறம் அதுங்களுக்கு இங்க என்ன வேல?"

அவன் சிரித்தான். கன்னத்துச் சேறு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விரிப்பில் விழுந்தது. மேலே சொன்னான். சாம்பல் குதிரை களைத்துப்போனது, அதைத் தின்றேன். கறுப்பன் வழிவிட மறுத்தான், அவள் முறைத்த முறையில் ஒதுங்கினான். அவனையும் தின்றேன். கடைசி நேர்ப்பாதையில் இரண்டே பேர். எலாதியோவின் குரல் தணிந்துகொண்டே வந்தது, முழங்கையை மேசையில் ஊன்றிக் குனிந்துகொண்டான், நானும் மெல்லாமல் குனிந்தேன்.

"சவுக்க எடுக்கவே இல்ல நெல்தா. கழுத்துல கைய வச்சு, 'இப்ப ஓடுறியா சித்தி?'ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்."

கோணல் துண்டு நீளமான துண்டை ஒரு கழுத்தளவு தாண்டி நின்றது. நீளமானதை நான் எடுத்துத் தின்றேன், ஊரார் பணத்தோடு சேர்த்து.

விரிப்பில் இப்போது பெர்த்தா சித்தி மட்டும் இருந்தாள். நான் அவளை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. வெளியே லாயத்து வண்டி ஒன்று மழையில் மெதுவாகப் போனது, அது போகும் வரை இரண்டு பேரும் அந்த ஒற்றைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் விரல் நுனிகளில் எண்ணெயும் உப்பும் ஒட்டி மினுமினுத்தன. கையைத் திருப்பி அவற்றைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு அந்தக் கையை மெதுவாக வாய்ப்பக்கம் கொண்டுபோனான்.